பிள்ளையா, பூனையா, போத்தலா? படக்கதைக்கு ஒரு நாயகரைத் தேர்ந்தெடுப்பது

கதை எழுதியாகிவிட்டது, படம் போட ஆளும் கிடைத்துவிட்டார், நாயகர் மனுசப் பிள்ளையா மிருகமா என்பது மட்டும் முடிவாகவில்லை. கொழும்பில் சிறுவர் புத்தகம் செய்ய வெளிக்கிடுகிற பலர் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். கேட்கும்போதே பாதி முடிவு எடுத்துவிட்டுத்தான் கேட்பார்கள்: "மிருகம் போட்டால் ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே?" இருக்கிறது. பிள்ளையை வரைந்தாலும் இருக்கிறது, ஆனால் அது வேறு பிரச்சினை. எந்தப் பிரச்சினையை உங்கள் கதை தாங்கும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது, ஒரு கதையை வைத்துப் பார்ப்போம். வெள்ளவத்தையில் முன்பள்ளி நடத்தும் ஒரு தோழி எழுதியது, அவருடைய சம்மதத்தோடு எடுத்துக்கொள்கிறேன். கயல் முதலாம் தரம் படிக்கிறாள். அம்மம்மாவோடு கோட்டையிலிருந்து கரையோர ரயிலில் வருகிறாள், வெள்ளவத்தையில் இறங்கும் அவசரத்தில் தண்ணீர்ப் போத்தலை ஆசனத்திலேயே விட்டுவிடுகிறாள், ரயில் தெஹிவளைப் பக்கம் போய்விடுகிறது. போத்தல் வடை விற்பவர், கல்கிசையில் இறங்கும் ஒரு தாத்தா, ரயில் கார்ட், ஸ்டேஷன் மாஸ்டர் என்று கைமாறிக் கைமாறி மறுநாள் அவளிடம் திரும்பி வருகிறது. அவ்வளவுதான் கதை. இதில் நாயகர் யார் என்பதற்கு மூன்று யோசனைகள் வந்தன: கயல் பிள்ளையாகவே இருக்கட்டும், கயலை ஒரு மீன்பிடிப் பூனையாக மாற்றலாம், பாதிக் கதை போத்தலின் பின்னால்தான் போகிறது என்பதால் போத்தலுக்கே கண்ணும் வாயும் வைத்து அதையே நாயகராக்கலாம்.

மூன்றையும் ஒப்பிட நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் அழகு இல்லை. முதல் படம் எல்லாருக்கும் வடிவாகத்தான் வரும். படக்கதை என்றால் வழக்கமாக 32 பக்கம், பெரிய அச்சுத்தாளை மடிக்கும்போது பக்கங்கள் எட்டெட்டாக, பதினாறு பதினாறாக வருவதால் அமைந்த கணக்கு அது. நம்முடைய ஊரில் செலவைப் பார்த்து 16 அல்லது 24 பக்கத்தோடு நடுவில் பின் அடித்து முடித்துவிடுவதும் உண்டு, பக்க எண்ணிக்கை 4ஆல் பிரிபட்டால் சரி. எப்படிப் பார்த்தாலும் ஒரே உருவத்தை இருபது தரமாவது வரைய வேண்டும்: முன்னால் இருந்து, பின்னால் இருந்து, ஓடும்போது, அழும்போது, ரயில் சன்னலில் கட்டைவிரல் அளவில். ஆகவே கேள்வி இப்படித்தான் வர வேண்டும்: கதை செய்யச் சொல்வதையெல்லாம் இந்த உருவத்தால் செய்ய முடியுமா, கடைசிப் பக்கத்திலும் இது அதே ஆள்தானா?

அதனால் முதல் வேலை பென்சிலை எடுத்துக் கதையில் உள்ள வினைச்சொற்களுக்குக் கீழே கோடு போடுவது. கயல் என்ன செய்கிறாள்? எட்டிப் பார்க்கிறாள், மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடிக்கப் பார்க்கிறாள், ஓடுகிறாள், அம்மம்மாவின் சேலையில் முகத்தைப் புதைக்கிறாள், தொலைபேசியைக் காதில் வைத்துக் கேட்கிறாள், கடைசியில் போத்தலை இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கிறாள். போத்தல் என்ன செய்கிறது? உருள்கிறது. அதற்கு மேல் எல்லாம் மற்றவர்கள் அதற்குச் செய்வது. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பார்த்தால் பாதி விவாதம் தானாக அடங்கிவிடும்.

முதலில் பூனையைப் பார்ப்போம், ஏனென்றால் எல்லாருக்கும் ஆசை அதில்தான், எனக்கும்தான். மீன்பிடிப் பூனை கொழும்பின் சதுப்பு நிலங்களில் உண்மையாகவே வாழ்கிற பிராணி. 2018 ஒக்டோபரில், ஈரநிலங்களைப் பாதுகாக்கும் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ், கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது, அந்த ஈரநிலங்களில் இரவில் மீன் பிடித்துத் திரிகிறது இது. வரைகிறவருக்குக் கொண்டாட்டம்: கட்டையான உடம்பு, குட்டை வால், வரிவரியாக ஓடும் புள்ளிகள், விரல்களுக்கு நடுவே கொஞ்சம் சவ்வு, காதின் பின்புறத்தில் கறுப்புக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு. இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் பின்னால் இருந்து வரையும்போது முகம் இல்லாத உருவத்தை அடையாளம் காட்ட அது ஒன்றே போதும். வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து நரியும் முயலும் கரடியும் வரைந்துகொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். பேரை வாவியில் உட்கார்ந்திருக்கும் கூழைக்கடா, வாய்க்கால் கரையில் வெயில் காயும் கபரக்கொய்யா, எங்கு பார்த்தாலும் காகம் என்று துணைப் பாத்திரங்களுக்கும் கொழும்பில் பஞ்சமே இல்லை.

ஆனால் அந்தப் பூனையை ரயிலில் ஏற்றிய உடனே ஒரு கேள்வி வரும்: மற்றப் பயணிகள் யார்? அவர்களும் மிருகங்கள் என்றால் ஒரு பெட்டி நிறைய மிருகங்களை வடிவமைக்க வேண்டும். பின்னால் நிற்கிற, யாரும் கவனிக்காத ஆளுக்கும் இனம், அளவு, உடுப்பு எல்லாம் தீர்மானிக்க வேண்டும். யானை ஏறினால் ஆசனம் எவ்வளவு பெரிது? வடை விற்கும் கூழைக்கடா மீனும் தின்னுமா, தின்றால் அந்த மீன் பேசுமா? சிரிக்காதீர்கள், ஆறு வயதுப் பிள்ளை கட்டாயம் கேட்கும். சரி, மனிதர்களுக்கு நடுவே பூனை மட்டும் உடுப்புப் போட்டுக்கொண்டு போகிறது, யாரும் அதை ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை என்று வைத்தால் வேலை குறையும், அது நல்ல பகிடியாகவும் இருக்கும். அப்போது அம்மம்மா யார்? பூனையா, மனிசியா? மூன்றாவது வழி, பூனை பூனையாகவே இருப்பது: நாலு காலில் நடக்கும், பேசாது. அதற்குப் போத்தல் எதற்கு?

இந்த உலகச் சட்டத்தை முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும், பிறகு நடுவில் மாற்ற முடியாது. நம் கதையில் இரண்டு காலில் நிற்கும் பூனைதான் சரிவரும், ஏனென்றால் கட்டிப்பிடிக்க வேண்டும், தொலைபேசியைப் பிடிக்க வேண்டும். இரண்டு காலில் நிமிர்த்தி, பாவாடை போட்டு, பாதத்தை விரலாக்கிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது பூனைத் தலை வைத்த ஒரு பிள்ளைதான். அந்தச் சவ்வு, அந்த நடை, அந்தப் பதுங்கல் ஒன்றும் கதையில் வேலை செய்யவில்லை. மிருகத்தின் மிருகத்தனம் கதைக்குத் தேவைப்படாத இடத்தில் மிருகத்தைப் போடுவது வெறும் முகமூடி என்பது என் அபிப்பிராயம்.

ஆய்வுப் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. டொராண்டோ பல்கலைக்கழகத்தவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொடுப்பதைப் பற்றிய கதையை வாசித்துக் காட்டினார்கள், ஒரு குழுவுக்கு மனிதப் பாத்திரங்களோடு, இன்னொரு குழுவுக்கு மனிதரைப் போல நடக்கும் மிருகங்களோடு. பிறகு தங்களுக்குக் கிடைத்த ஸ்டிக்கர்களில் எத்தனையை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், மனிதர் கதையைக் கேட்ட பிள்ளைகள்தான் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதற்கு முன் 2014இல் வந்த இன்னோர் ஆய்வில், மிருகங்களை மனிதர் போலக் காட்டும் புத்தகங்களில் இருந்து பிள்ளைகள் அந்த மிருகங்களைப் பற்றிய உண்மைத் தகவலைக் குறைவாகத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஓரிரு ஆய்வை வைத்து வேதம் ஓத முடியாது. ஆனாலும் கதையின் நோக்கம் பிள்ளை அதைத் தன் வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதாக இருந்தால், அல்லது மீன்பிடிப் பூனையைப் பற்றியே சொல்லிக்கொடுப்பதாக இருந்தால், உடுப்புப் போட்ட பூனை இரண்டுக்கும் உதவாமல் போகலாம். பயம், பொறாமை, வீட்டில் நடக்கும் சண்டை மாதிரியான விஷயங்களுக்கு அதே தூரம் நன்மையாக மாறும். தன்னைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று வெட்கப்படாமல் பிள்ளை கேட்கும்.

மிருகம் கேட்பவர்களின் உண்மையான காரணம் பெரும்பாலும் வேறு. கொழும்பில் ஒரு புத்தகம் தமிழிலும் சிங்களத்திலும் வர வேண்டும், முஸ்லிம் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் வாசிக்க வேண்டும், "இது ஆருடைய பிள்ளை" என்ற கேள்வி வராமல் தப்ப வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் மிருகம் நடுநிலை என்று நினைப்பவர்கள் இந்த நாட்டில் ஒரு சிங்கத்தையும் ஒரு புலியையும் ஒரே பக்கத்தில் வரைந்து பதிப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டட்டும். அதை விடுங்கள், சின்ன விஷயத்திலும் இது நடக்கிறது. திருடன் என்றவுடன் காகத்தை எடுக்கிறோம், நல்லவள் என்றவுடன் வெள்ளை முயல். கறுப்பு கெட்டது என்று ஒரு வரியும் எழுதாமலே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று. நம் கதையில் போத்தலைத் திருப்பிக் கொடுக்கிற ஆளாகக் காகத்தை வைத்தால் எனக்குப் பிடிக்கும்.

போத்தல் விஷயத்தைச் சீக்கிரமாக முடித்துவிடலாம். வரைய மிக இலகு, எத்தனை தரம் வரைந்தாலும் மாறாது, எந்த இனமும் மதமும் இல்லை. சிரமம் என்னவென்றால் அது தானாக ஒன்றும் செய்யாது, கை வைத்தால் கேலிச்சித்திரம் ஆகிவிடும், வைக்காவிட்டால் எல்லாப் பக்கத்திலும் சும்மா கிடக்கும். 2, 3 வயதுப் பிள்ளைகளுக்கான எட்டுப் பக்க அட்டைப் புத்தகமாக இதைச் செய்வதென்றால் நான் போத்தலையே எடுப்பேன். முகபாவத்துக்குப் பதில் உள்ளே இருக்கும் தண்ணீரின் மட்டத்தைக் காட்டலாம்: தொலையும்போது நிரம்பி இருக்கிறது, வெயிலில் கிடக்கும்போது குறைகிறது, சரிந்தால் தண்ணீரும் சரிகிறது. முதலாம் தரப் பிள்ளைக்கு அது போதாது, அந்த வயதுக்கு யாருடையதோ கவலை வேண்டும்.

இனிப் பிள்ளை. இதில்தான் வேலை அதிகம், அதனால் இதைப் பற்றித்தான் கூடக் கதைக்க வேண்டும்.

உடம்பின் அளவில் தொடங்குங்கள். தலையின் நீளத்தை அளவாக வைத்தால் வளர்ந்த ஆளின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை, ஆறு வயதுப் பிள்ளை ஏறத்தாழ ஆறு தலை. படக்கதைகளில் அதைச் சுருக்கி மூன்று, நாலு தலைக்குக் கொண்டுவருவார்கள். பெரிய தலை, உயர்ந்த நெற்றி, பெரிய கண், உப்பிய கன்னம் இவை வளர்ந்தவர்களிடம் பாசத்தைத் தூண்டுகின்றன என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943இலேயே எழுதினார், மிக்கி மவுஸின் தலையும் கண்ணும் காலம் போகப் போகக் குழந்தைத்தனமாகப் பெருத்ததை உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1979இல் அளந்தே காட்டினார். நல்லது, ஆனால் இரண்டரைத் தலை உயரத்தில் ஒரு பிள்ளையை வரைந்துவிட்டு அதன் கையை மேலே தூக்கிப் பாருங்கள். உச்சந்தலைக்கே எட்டாது. கயல் ரயிலில் கைப்பிடியைப் பிடிக்க எட்டுகிறாள் என்று கதையில் இருக்கிறது, தொலைபேசியைக் காதில் வைக்கிறாள் என்றும் இருக்கிறது. இந்தக் கதைக்கு நாலு தலைக்குக் குறையக் கூடாது. வினைச்சொல் பட்டியல் என்று நான் சொன்னது இதற்குத்தான்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தலையிடி, வெள்ளைச் சீருடை. அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே வெள்ளை: பெண் பிள்ளைக்கு வெள்ளைக் கவுன், சின்னப் பையன்களுக்கு வெள்ளைச் சட்டையும் நீலக் களிசானும். பள்ளி விட்ட நேரத்து ரயில் நிலையத்தில் இருபது பிள்ளைகள் நின்றால் இருபதும் ஒன்றுதான், அதுவும் வெள்ளைத் தாளில் வெள்ளை உடுப்பு. வெளிநாட்டுப் புத்தகங்களில் செய்வது போல "சிவப்பு மேலாடை போட்ட பிள்ளை" என்று அடையாளம் வைக்க இங்கே வழியில்லை. ஆகவே அடையாளம் உடுப்புக்கு வெளியே இருக்க வேண்டும்: பின்னல், புத்தகப் பையின் வடிவம், சப்பாத்து, நடக்கும் விதம். கயலுக்கு இரட்டைப் பின்னல் என்றால் ஒன்று எப்போதும் அவிழ்ந்தே இருக்கட்டும். கரையோர ரயிலில் கடல் காற்று அடிக்கும்போது அந்த ஒரு பக்கத்து முடி பறப்பது எந்தத் திசையில் போகிறாள் என்பதையும் காட்டும். தோழிக்கு முதலில் இது பிடிக்கவில்லை, "பள்ளிக்கூடப் பிள்ளை தலை கலைஞ்சு நிக்கலாமா" என்றார். பள்ளி விட்ட பிறகு எந்தப் பிள்ளையின் தலை கலையாமல் இருக்கிறது?

வெள்ளையைத் தாளின் வெறுமையாக விடாமல், நிழலுக்கு மெல்லிய நீலமோ மஞ்சளோ கொடுக்கலாம், அல்லது பின்னணியை நிறமாக்கிவிடலாம். கடல் நீலத்துக்கு முன்னால் வெள்ளைச் சீருடையைப் போல எடுபடுவது வேறொன்றும் இல்லை. போத்தல் அதற்கு நேர் எதிராக இருக்கட்டும், நல்ல செம்மஞ்சள். பிறகு வேறு எதற்கும் அந்த நிறத்தைக் கொடுக்கக் கூடாது, அப்போதுதான் வடைக்காரரின் கூடைக்குப் பக்கத்தில் மூலையில் கிடந்தாலும் பிள்ளை விரலை வைத்துக் காட்டும்.

தோல் நிறம். இங்கே நல்ல ஓவியர்களும் தயங்கி, சந்தனத்துக்கும் ரோஸுக்கும் நடுவே ஏதோ ஒன்றைப் பூசிவிட்டுப் போகிறார்கள், கேட்டால் "அச்சில் கறுத்துப் போகும்" என்பார்கள். அது பொய்யும் இல்லை, பூச்சில்லாத சாதாரணத் தாள் மையை உறிஞ்சும், நிறம் ஒரு படி இருண்டுதான் வரும். ஆனால் அதற்கு மருந்து வெளிறிய பிள்ளை இல்லை. சிஎம்வைகே கலவையில் (அச்சின் நாலு மைகள்: நீலச் சாயலான சயான், இளஞ்சிவப்பான மெஜன்டா, மஞ்சள், கறுப்பு) கறுப்பையும் சயானையும் குறைத்து, மெஜன்டாவையும் மஞ்சளையும் வைத்து அந்த மண்ணிறத்தைக் கட்டினால் தோல் சூடாக நிற்கும், கறுப்பு கூடினால்தான் சாம்பல் பூத்த மாதிரி ஆகும். கயலுக்கும் அம்மம்மாவுக்கும் வடைக்காரருக்கும் மூன்று வேறு மண்ணிறம் வைத்து, அதே தாளில் ஒரு மாதிரி அச்சு எடுத்துக் காட்டச் சொல்லி அச்சகத்தைக் கேளுங்கள். தாள் இல்லாமல் 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பள்ளிகளின் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த நாடு இது. தாள் எது கிடைக்கிறதோ அதுதான் என்ற நிலை எப்போதும் வரலாம், தாள் தெரியாமல் நிறத்தை முடிவு செய்ய வேண்டாம்.

பொட்டு வைப்பதா இல்லையா? கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கத் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர், பொட்டு இருந்தால்தான் தமிழ் என்று வரைவது அவர்களைத் தள்ளி வைப்பது. அதே நேரம், எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனால் எந்த வீட்டிலும் இல்லாத ஒரு பிள்ளைதான் மிஞ்சும். நான் அம்மம்மாவுக்கு விபூதி வைப்பேன், கயலுக்கு வைக்க மாட்டேன், காரணம் பள்ளியால் வரும்போது அது அழிந்திருக்கும். சிங்களப் பதிப்பில் பெயரை மாற்றலாமே என்றும் ஒரு யோசனை வந்தது, சீருடை ஒன்றுதானே, படம் மாறத் தேவையில்லை என்று. புத்திசாலித்தனமான யோசனைதான், ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை. சிங்களப் பிள்ளையும் கயல் என்ற பெயரை வாசிக்கட்டும், அதில் என்ன குறைந்துபோகிறது? 1927இல் காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் பிறந்த சிறுவர் புத்தக எழுத்தாளரும் ஓவியருமான சிபில் வெத்தசிங்க தென்னிலங்கைக் கிராமத்து மனிதர்களை அவர்களுடைய உடுப்போடும் அடுப்படியோடும் அப்படியே வரைந்தார், 2020இல் காலமாகும்வரை அதையே செய்தார், ஜப்பான் பிள்ளைகள்கூட அதை வாசித்தார்கள்.

ஆக, இந்தக் கதைக்கு என் தீர்ப்பு பிள்ளைதான். ரயிலும் வடைக்காரரும் ஸ்டேஷன் மாஸ்டரும் நாளாந்தம் பிள்ளைகள் பார்க்கிற உலகம். தெரியாத ஒருவர் ஒரு பிள்ளையின் பொருளைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுப்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது, அது மனிதர்களுக்குள் நடந்தால்தான் உறைக்கும். போத்தலுக்குக் கண் வைக்க வேண்டாம், நிறமும் தண்ணீர் மட்டமும் போதும். பூனையை வீணாக்க வேண்டாம், இரவில் வாய்க்கால் ஓரமாக மீன் தேடிப் போகும் கதை ஒன்றை அதற்கென்று எழுதுங்கள், அங்கே அது நாலு காலில் நடக்கட்டும்.

எவ்வளவு விவரமாக வரைவது என்பது அடுத்த தேர்வு. நெதர்லாந்தின் டிக் புரூனா 1955இல் உருவாக்கிய மிஃபி முயலுக்கு இரண்டு புள்ளி கண், வாய்க்கு ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். அழுதால் ஒரு துளி கண்ணீர் சேரும். அவ்வளவு எளிமைக்கும் ஒரு விலை உண்டு, எப்போதும் வாசகரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். கயல் சன்னலால் எட்டிப் பார்க்க வேண்டும், பின்னால் திரும்ப வேண்டும். ஆகவே புள்ளிக் கண் சரி, ஆனால் புருவம் கட்டாயம் வேண்டும், மூக்கு பக்கவாட்டில் தெரிய வேண்டும். கண்ணுக்குள் வெள்ளை, கருவிழி, மினுக்கம் என்று ஏற்றிக்கொண்டே போனால் முகம் ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, கடைசியில் அவளுடைய அக்கா வந்து நிற்பாள்.

எதில் வரைவது? வாட்டர் கலரின் அழகு தனிதான், ஆனால் கொழும்பின் ஈரக் காற்றில், முக்கியமாக ஒக்டோபர், நவம்பர் மழையில், தாள் காய நேரம் எடுக்கும், அடுக்கி வைத்த தாளில் பூஞ்சணம் பிடிக்கும். ஒரே தோல் நிறத்தை இருபது படத்துக்கும் அப்படியே கலக்குவதும் இலகு இல்லை, அதற்கு வேண்டிய தடித்த 300 ஜிஎஸ்எம் தாளின் விலையையும் கேட்டுப் பாருங்கள். டேப்லெட்டில் நிறம் மாறாது, திருத்தம் வந்தால் தலை போகாது. புரோகிரியேட் என்ற வரையும் செயலி ஐபாடில் மட்டும்தான் ஓடும், ஒரு தரம் வாங்கினால் போதும், ஆனால் படத்தின் அளவு பெரிதாகப் பெரிதாக லேயர்களின் (ஒன்றன்மேல் ஒன்றாக வரையும் அடுக்குகள்) எண்ணிக்கை குறையும். எட்டரை அங்குலச் சதுரப் புத்தகத்தின் இரட்டைப் பக்கம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 5100க்கு 2550 பிக்சல், அச்சுக்குப் பிறகு வெட்டி எறிவதற்காகச் சுற்றிவர 3 மில்லிமீற்றர் வெட்டு விளிம்பு வேறு. சாதாரணக் கணினி இருந்தால் இலவசமான கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் போதும், அதில் சிஎம்வைகேயும் உண்டு. எனக்கு விருப்பம் கையால் பென்சில் கோடு போட்டு ஸ்கேன் செய்து, நிறத்தை மட்டும் கணினியில் கொடுப்பது, தோல் நிறத்துக்கு ஒரு லேயர், செம்மஞ்சளுக்கு ஒரு லேயர்.

ஏஐ பற்றிக் கேட்காமல் விட மாட்டீர்கள். ஒரு படம் எடுக்க நல்லாத்தான் இருக்கும். இருபது படத்தில் அதே பின்னல், அதே பை, அதே சீருடை என்று நிற்க வைப்பது இப்போதும் மல்லுக்கட்டுதான், இலங்கைச் சீருடையையும் நம் ரயில் பெட்டியையும் கேட்டால் வேறெங்கோ உள்ளதைத் தந்துவிடும். உரிமை இன்னொரு சிக்கல். 2023இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு காமிக்ஸ் புத்தகத்தில் எழுத்துக்கும் அமைப்புக்கும் பாதுகாப்புக் கொடுத்து, இயந்திரம் உருவாக்கிய படங்களுக்குக் கொடுக்க மறுத்தது. நம்முடைய 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் ஆக்கியவர் என்று ஒரு மனித ஆளைத்தான் சொல்கிறது. கயலை வைத்து இரண்டாம் புத்தகம் செய்யும் எண்ணம் இருந்தால் அந்த வழியில் போகாதீர்கள்.

ஓவியருக்குக் காசு கொடுத்துச் செய்விப்பதானாலும் அதே கேள்வியை முன்கூட்டியே கேளுங்கள்: நாங்கள் வாங்குவது இந்தப் படங்களையா, கயல் என்ற உருவத்தையுமா? அடுத்த புத்தகத்தை வேறொருவர் வரையலாமா, பைக்கும் கொப்பி அட்டைக்கும் போடலாமா? இரண்டு பக்கமும் நல்ல மனிதர்கள் என்பதால் எழுதாமல் விடுகிறோம், பிறகு மனக்கசப்பு. ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும். கயலை முன், பக்கம், பின் என்று திருப்பிக் காட்டும் தாள், ஆறேழு முகபாவம், அம்மம்மாவோடும் ஸ்டேஷன் மாஸ்டரோடும் பக்கத்தில் நிற்கவைத்து உயரம் காட்டும் தாள், இந்த மூன்றுக்கும் தனியாகக் காசு கொடுங்கள். அது இலவச முன்வேலை இல்லை, பாதி வேலையே அதுதான்.

அந்தத் தாள்கள் வந்ததும் உருவம் முழுவதையும் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். நிழலாகவே கயல் என்று தெரிய வேண்டும், அவிழ்ந்த பின்னல் அங்கே கைகொடுக்கும். பிறகு முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடம் காட்டிவிட்டு, படத்தை மறைத்து, நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். பின்னலையும் போத்தலையும் போட்டார்கள் என்றால் அச்சகத்தில் விலை கேட்கத் தொடங்கலாம். விட்டுவிட்டு வேறு எதையாவது, பையையோ சப்பாத்தையோ, எல்லாரும் போட்டிருந்தால் அதைப் பெரிதாக்கித் திரும்ப வரையச் சொல்லுங்கள். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் இலக்கத்தைக் கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலகம் கொடுக்கும், அதற்கு அவசரமில்லை, அட்டைப்படம் முடிவான பிறகு போனால் சரி.